கொயினா வரிசையின் கடைசிப் பிள்ளை

ஈப்போவில் நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'குசுகுசு டீச்சர்'. எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் சத்தம் போட்டால் பொறுத்துக்கொள்வேன். சண்டை போட்டால் விலக்கிவிடுவேன். ஆனால் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இரண்டு பிள்ளைகள் காதோடு காது வைத்துப் பேசுவதைக் கண்டால் எனக்குச் சாமி வந்துவிடும். நான் கிறிஸ்தவ வேதக்காரிதான், இருந்தாலும் வந்துவிடும். பிரம்பைத் தொட்டதில்லை. என் வாயே போதும்.

நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த தேநீர் விருந்தில் ஓர் இளம் ஆசிரியை கேட்டாள்: "எல்லாப் புள்ளைங்களும்தான் குசுகுசுன்னு பேசுது. அதுக்குப் போய் உங்களுக்கு ஏன் டீச்சர் இவ்ளோ கோவம்?" வாயில் கேக் இருந்தது. சிரித்து மழுப்பிவிட்டேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். விருந்தில் சொல்லக்கூடிய கதை அல்ல அது.

நான் ஈப்போவில் பிறந்தவள். அப்பா ரயில்வேயில் சிக்னல் விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றும் வேலை செய்தார். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்தேன். பிறகு அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஆசிரியர் பயிற்சி என்றால் எனக்கு அவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், கோப்பெங்கைத் தாண்டியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்க ஓர் ஆசிரியை வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "காட்டுக்குள்ள போய் என்னா செய்யப் போறே? கொசுவுக்கு ரத்தம் குடுக்கப் போறியா?" என்று அழுதார். கொசு விஷயத்தில் அம்மா சொன்னது சரிதான்.

பள்ளிக்கூடம் என்பது தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களின் கோடியில் இருந்த, அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. இடுப்பளவுப் பலகைச் சுவர், மண் தரை, ஒரே ஒரு கரும்பலகை. அதன் ஒரு பாதி தலைமையாசிரியர் சண்முகம் வாத்தியாருக்கு, மறு பாதி எனக்கு. நடுவில் அவர் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருந்தார்.

சண்முகம் வாத்தியாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, தோளில் மடித்த துண்டு, வெயிலோ மழையோ கையில் குடை. தேய்ந்துபோன சுண்ணாம்புத் துண்டுகளையெல்லாம் பொடி டப்பாவில் சேர்த்துவைத்து, விரல் நகம் பலகையில் உரசும் வரை எழுதுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பிள்ளைகளை அடித்ததில்லை. யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. தோட்டம் முழுவதும் அவரைத் தங்கமான மனிதர் என்றது. எது கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான் இருந்தது: "நமக்கெதுக்கு டீச்சர் அந்தப் பொல்லாப்பு?" கிணற்றுக் கயிறு அறுந்ததைச் சொன்னாலும் அதே பதில், ஒரு பிள்ளை பட்டினியாக வருகிறது என்றாலும் அதே பதில். அவர் ஊர்வம்பில் எண்ணெய் ஊற்றியதில்லை. தண்ணீரும் ஊற்றியதில்லை.

இனி கொயினா வரிசை. காட்டுக் காய்ச்சல், அதாவது மலேரியா, தோட்டத்தில் வீட்டுக்கு வீடு ஆளை வாரிக்கொண்டு போன காலம் அது. பெரியவர்களுக்கு, விடியலில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்களத்திலேயே கொயினா மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில். மணி அடித்ததும் தோட்டத்து மருந்துக்காரர், டிரசர் என்போம், கறுத்த புட்டியும் ஓர் எனாமல் மங்குக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு வருவார். பிள்ளைகள் உயர வரிசையில் நிற்க வேண்டும். டிரசர் மங்கில் ஒரு மடக்கு ஊற்றுவார். பிள்ளை குடித்துவிட்டு, தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். வாய்க்குள் மருந்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்ல முடியாது அல்லவா? பெயர் தெளிவாக வந்தால், உள்ளங்கையில் நான் ஒரு சிட்டிகை சீனி வைப்பேன். பெயர் கொழகொழவென்று வந்தால் மறுபடியும் ஒரு மடக்கு. அந்தக் கசப்பு எப்படிப்பட்டது என்று குடிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எட்டிக்காய் அதன் பக்கத்தில் பலாச்சுளை. எல்லாருக்கும் ஒரே மங்குதான், நடுவில் கழுவுவதுமில்லை. அதை யாரும் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததில்லை, அஞ்சலையின் பேச்சு கிளம்பும் வரை.

அஞ்சலைக்கு ஒன்பது வயதிருக்கும். அப்பா இல்லை. அம்மா முனியம்மாவுக்கு ரப்பர்ப்பால் உறையவைக்கும் ஸ்டோரில் வேலை. பாலில் ஊற்றும் திராவகம் ஒருநாள் அந்தப் பிள்ளையின் முழங்கையில் தெறித்துப் புண்ணாகி, ஆறிய இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வெள்ளைத் தேமல் நின்றுவிட்டது. ஸ்டோரில் வேலை செய்கிற யாருக்கும் அப்படி ஒன்றிரண்டு இருக்கும். ஆனால் முனியம்மா சிடுசிடுப்புக்காரி. புருஷன் செத்த பிறகு யார் உதவியும் கேட்காதவள். அப்படிப்பட்டவளை ஊர் சும்மா விடாது. ஒரு காலையில் குழாயடியில் கங்காணியின் பெண்டாட்டி, "அது திராவகம் பட்டதில்லலா. புருஷன் எதுல செத்தான்னு யாருக்குத் தெரியும்? பெருவியாதி" என்றாள். பெருவியாதி என்றால் குஷ்டம். அது கண்டவர்களைப் பிடித்து லூமுட்டுக்குக் கொண்டுபோய், படகில் ஏற்றித் தீவில் விட்டுவிடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள் என்று லயத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

தண்ணீர்க்குடம் வீட்டுக்குப் போகும் முன்னே பேச்சு போய்விட்டது. மறுநாளே அஞ்சலையின் இரண்டு பக்கமும் பாய் காலியாக இருந்தது. நான் பாடம் சொல்லும்போது வாய்கள் காதுகளைத் தேடிப் போயின, கண்கள் மட்டும் அவள் முழங்கையில் இருந்தன. அவள் அந்தக் கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு, மறு கையால் எழுதப் பழகிக்கொண்டாள். ஒரு பொடிசு மட்டும் தன் சிலேட்டை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. சாயங்காலம் அதன் அம்மா அதை முதுகு பழுக்க அடித்தாள். மறுநாள் அதுவும் தள்ளி உட்கார்ந்தது.

தாய்மார்கள் திரண்டு வந்தார்கள். அந்தப் பிள்ளை வாய் வைத்த மங்கில் எங்கள் பிள்ளைகள் குடிக்காது என்றார்கள். டிரசர் தலையைச் சொறிந்துகொண்டு போய், மறுநாள் அஞ்சலைக்கென்று ஒரு தேங்காய்ச் சிரட்டை கொண்டுவந்தார். ஊரில் யாருக்குச் சிரட்டையில் ஊற்றுவார்கள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தச் சிரட்டைக்குத் தப்பித்தான் அவர்களில் பாதிப் பேர் கப்பலேறி வந்ததே. கடல் தாண்டி வந்தும் சிரட்டை கூடவே வந்துவிட்டது.

சண்முகம் வாத்தியாரிடம் போனேன். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் கேப்பாங்க சார். அது திராவகம் பட்ட தழும்புன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தெரியும். ஆனா சொல்லி, நாளைக்கு வேற மாதிரி ஆச்சுன்னா? நமக்கெதுக்கு டீச்சர் அந்தப் பொல்லாப்பு? நாலு நாள்ல தானா அடங்கிரும்."

ஈப்போவிலிருந்து தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை வரும் வெள்ளைக்கார டாக்டருக்காகக் காத்திருந்தேன். வந்ததும் அஞ்சலையைக் கையோடு பிடித்துக்கொண்டு போய் நிறுத்தினேன். அவர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, தேமலில் ஊசி முனையால் லேசாகக் குத்தினார். "ஆ" என்றாள். இறகு போன்ற ஒன்றால் தடவினார். சிரித்தாள். உணர்ச்சி இருக்கிறது, இது வெறும் திராவகத் தழும்பு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். நான் குழாயடிக்கு ஓட்டமாகப் போய் அதைச் சொன்னேன். கங்காணியின் பெண்டாட்டி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"டாக்டரு சொல்லுவாரு டீச்சரம்மா. அவரா லயத்துல குடியிருக்கப் போறாரு?"

வம்பு பேசுகிறவர்களுக்குப் புத்தி இல்லை என்று நினைக்காதீர்கள். நிறைய இருக்கிறது.

ஆனால் அவள் சொன்ன வார்த்தையே எனக்கு வழியும் காட்டியது. நான் அந்தத் தோட்டத்தில் குடியிருப்பவள்தானே! மறுநாள் வரிசையில் சிரட்டையைப் பிடுங்கிக் கொட்டகைக்கு வெளியே எறிந்தேன். மங்கில் ஊற்றச் சொல்லி அஞ்சலையிடம் கொடுத்தேன். அவள் குடித்துப் பெயரைச் சொன்னாள். அதே மங்கில் எனக்கும் ஒரு மடக்கு ஊற்றச் சொல்லி, அவள் வாய் வைத்த அதே பக்கத்தில் குடித்தேன். "ஞானம்மா" என்று என் பெயரை உரக்கச் சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அஞ்சலை மட்டும், தன் கையிலிருந்த சீனியில் பாதியை எனக்கு நீட்டினாள்.

டிரசருக்குப் பிரச்சினை ஒரு வழியாகத் தீர்ந்தால் சரி. "அது கடைசியா குடிக்கட்டும். அதுக்குப் பொறவு நீங்க குடிங்க. அப்புறம் நான் மங்கை வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வச்சிர்றேன். நீங்க என்னைக்குக் குடிக்கலையோ அன்னைக்குச் சிரட்டைதான். தாய்மாருங்ககூட என்னால மல்லுக்கட்ட முடியாதுலா" என்றார். எல்லாப் பிள்ளைகளின் முன்பாகவும், அஞ்சலையின் முன்பாகவும்தான் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன்.

கொயினா எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளாது. எனக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை. சில நாட்களிலேயே காதுக்குள் வண்டு புகுந்ததுபோல் இரைச்சல். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தால் உதடு அசைவது தெரியும், என்ன சொல்கிறார்கள் என்று கேட்காது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஒரு பிள்ளை சரியாகச் சொன்னதைத் தப்பு என்று உட்காரவைத்தேன். சிரித்தார்கள். பகலில் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பேன். ஒருநாள் நிமிர்ந்தபோது அஞ்சலை செம்பில் தண்ணீரோடு நின்றாள்.

"கொயினாவாலயா டீச்சர்?"

"இல்லடி. காலைல தின்ன மீன் சரியில்ல."

"காது கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. போய் எழுது, போ."

அவள் நம்பவில்லை. அவள் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளுடையதைப் பார்த்ததுபோலவே.

அதன் பிறகு அஞ்சலை தாமதமாக வர ஆரம்பித்தாள். வரிசை கலைந்து, டிரசர் புட்டியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் கொட்டகை வாசலில் தலை தெரியும். ஏன் என்று கேட்டேன். "காலைல அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஸ்டோருக்குப் போறேன் டீச்சர். கொயினாவை வர்ற வழியில டிரசரய்யா மருந்துக்கொட்டாய்லயே குடிச்சிட்டுத்தான் வாரேன்" என்றாள். சொல்லும்போது முகம் பளிச்சென்று இருந்தது. இனி சிரட்டையும் இல்லை, வரிசையும் இல்லை, பிள்ளைக்கும் அவமானம் இல்லை என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனாலும் டிரசரிடம் போய், "அஞ்சலை உங்ககிட்ட வந்து குடிக்குதா?" என்று கேட்டேன். அவர் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "ம்" என்றார்.

அந்த 'ம்'மை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது அவர் காதில் ஏறவே இல்லை. அவள் ஒருநாளும் அங்கே போகவில்லை. வரிசையில் கடைசியாக நின்ற ஒரு பிள்ளை இப்போது இல்லை என்பதையும் அவர் கவனிக்கவில்லை. சண்முகம் வாத்தியார் கவனித்தார் என்று பின்னால் தெரிந்தது. நமக்கெதுக்கு என்று இருந்துவிட்டார்.

என் காது தெளிந்தது. சோறு இறங்கியது. அஞ்சலை முன்னைவிட நன்றாக எழுதினாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டு ஏதாவது மெதுவாகச் சொல்வாள். "மழை வருது டீச்சர்", "வாத்தியார் குடையை மறந்துட்டாரு டீச்சர்", இப்படி ஏதாவது. நான் திரும்பிப் பதில் சொன்னால் அப்படிச் சிரிப்பாள். விளையாட்டு என்று நினைத்தேன்.

மழை விட்டு வெயில் அடித்த நாட்களில் காய்ச்சல் பரவியது. வரிசையில் குடித்த பிள்ளைகளுக்கும் வந்தது. இரண்டு நாள் நடுங்கிவிட்டு எழுந்தார்கள். அஞ்சலை எழவில்லை. முனியம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வழியில் லயத்துக் கதவுகள் சாத்திக்கொண்டன. நான் பள்ளியை விட்டுவிட்டுப் போனபோது, மற்ற கட்டில்களையெல்லாம் நகர்த்தி, அவள் கட்டிலை மட்டும் ஓரமாகப் போட்டிருந்தார்கள். டிரசர் கொயினா ஊற்றினார். அது தொண்டையில் நிற்கவில்லை.

நடுப்பகலில் கொஞ்சம் தெளிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கையை வாயருகே கொண்டுபோகப் பார்த்தாள், தூக்க முடியவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப காது நல்லா கேக்குதா டீச்சர்?"

"கேக்குதுடி கண்ணு. நல்லா கேக்குது."

"அதான் நான் மணி அடிச்சப்புறம் வந்தேன்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் டிரசரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் விளங்கியிருந்தது. அந்த மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை பள்ளி மணி அடிக்கும் முன்பே அவள் போய்விட்டாள்.

தூக்குவதற்கு ஆள் வரவில்லை. பெருவியாதி அல்லவா! சண்முகம் வாத்தியார் வந்தார், வெள்ளைக் கோட்டோடு. பாடையின் ஒரு முனையை அவர் பிடித்தார், ஒரு முனையை டிரசர், மற்ற இரண்டை ஸ்டோர் ஆட்கள். பொழுது சாய்ந்தபோது கங்காணியின் பெண்டாட்டி முனியம்மாவின் வாசலில் வந்து உட்கார்ந்து, "நல்ல புள்ள, நல்ல புள்ள" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அது நடிப்பில்லை. உண்மையாகத்தான் அழுதாள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டு, அந்தப் பிள்ளை குழாயடியில் தனியாக நின்ற நாட்களில் வந்திருந்தால்!

நான் செய்தது தவறு என்று சிலர் பின்னால் பேசினார்கள். நான் வரிசையில் நின்று குடிக்காமல் இருந்திருந்தால் பிள்ளை சிரட்டையிலாவது குடித்திருக்குமாம், பிழைத்திருக்குமாம். அதையும் காதோடு காது வைத்துத்தான் பேசினார்கள். நான் அதை ஏற்கவில்லை, இன்றும் ஏற்க மாட்டேன். சிரட்டையில் குடித்துப் பிழைக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன். அந்தக் கொட்டகையில் அத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், வாத்தியார் இருந்தார், டிரசர் இருந்தார், லயம் நிறையத் தாய்மார்கள் இருந்தார்கள். ஆளுக்கு ஒருநாள் அவளுக்குப் பின்னால் நின்று ஒரு மடக்குக் குடித்திருந்தால் யார் காதும் அடைத்திருக்காது. அவளும் யாருக்காகவும் ஒளிந்திருக்க மாட்டாள். நல்லது செய்யும் வேலையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு ஊர் வேடிக்கை பார்த்தால் அந்த ஒருத்தியின் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? தாங்காது என்று ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்கள் எங்களுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு சிம்பாங் பூலாயிலும் ஈப்போவிலும் எத்தனையோ வகுப்புகளைப் பார்த்துவிட்டேன். எந்த வகுப்பிலும், ஒதுக்கப்பட்ட பிள்ளையை நானே என் பக்கத்தில் வைத்துக்கொண்டதில்லை. மற்ற பிள்ளைகளை முறை வைத்து அதன் பக்கத்தில் உட்காரவைத்தேன். முணுமுணுத்தார்கள், பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள், விடவில்லை. என்னிடம் கேள்வி கேட்ட அந்த ஆசிரியைக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: தனியாக நல்லவளாக இருக்காதே அம்மா, மற்றவர்களையும் இழுத்து வா.

முனியம்மா அந்தத் தோட்டத்தை விட்டுப் போவதற்கு முன்னால் ஒருநாள் பள்ளிக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. பலகைச் சுவருக்கு வெளியே நின்றாள். அழவில்லை, எப்போதும்போல் முகம் சிடுசிடுவென்றுதான் இருந்தது.

"எம்புள்ள குடிச்ச மங்குல இந்தத் தோட்டத்துல ஒரு ஆளாச்சும் குடிச்சீங்க. அது போதும் டீச்சரம்மா" என்றாள்.

மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாலையில் இறங்கி நடந்தாள். அன்று அவளிடம் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன். போதவில்லை, முனியம்மா. ஒரு ஆள் போதவில்லை.